நீலகிரியில் துப்பாக்கி சுட்டுப் பழக பொது ரேஞ்ச் ஏதாவது இருக்கிறதா?

வர்க்கி மாஸ்டர், கோத்தகிரி

வணக்கம். கோத்தகிரியில் சின்னதாக ஒரு பேக்கரி வைத்திருக்கிறேன். விடியற்காலை இரண்டரைக்கு அடுப்பு மூட்டினால் பதினோரு மணிக்குள் வர்க்கி எல்லாம் டின்னில் ஏறிவிடும், அதற்கப்புறம் சாயங்காலம் வரை பெரிய வேலை இல்லை. வயது 36. மத்தியானம் தூங்கித் தூங்கித் தொப்பை வைத்ததுதான் மிச்சம். பழைய ஆசை ஒன்றைத் தூசி தட்டலாமா என்று யோசிக்கிறேன்.

கல்லூரியில் என்சிசியில் இருந்தேன். கேம்ப்பில் ஒருநாள் .22 ரைஃபிளைக் கையில் கொடுத்து, விரிப்பில் குப்புறப் படுக்கவைத்து, ஐந்து ரவுண்டு சுடச் சொன்னார்கள். அட்டையைக் கொண்டுவந்து பார்த்தால் என் ஐந்து ஓட்டையையும் ஒரு தீப்பெட்டியால் மூடிவிடலாம். சுபேதார் ஒன்றும் சொல்லவில்லை, என் பெயரை மட்டும் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். படிப்பில் யாரும் என் பெயரை அப்படிக் கேட்டு எழுதினதில்லை என்பதால் அது அப்படியே மனதில் நின்றுவிட்டது. அதற்கப்புறம் பதினாறு வருஷம் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை, சீசனில் போடும் பலூன் கடையைத் தவிர. அந்தத் துப்பாக்கியில் சிவப்பு பலூனைக் குறிவைத்தால் பக்கத்து மஞ்சள் பலூன் வெடிக்கிறது.

வெளிநாட்டு வீடியோக்களில் காசைக் கட்டி, கண்ணாடி போட்டு, ஒரு மணி நேரம் சுட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். அந்த மாதிரி ஊட்டி, குன்னூர், கூடலூர் பக்கம் பொதுமக்கள் போகிற ரேஞ்ச் உண்டா? வெலிங்டன் பக்கம் காலையில் சத்தம் கேட்கிறது, அங்கே வெளியாட்களை விடுவார்களா? ஏர் ரைஃபிள் வாங்க லைசென்ஸ் வேண்டுமா? கடைக்காரர் ஒருவர் வேண்டாம் என்கிறார், என் மச்சான் ஜெயில்தான் என்கிறார். வேட்டையில் எனக்குத் துளியும் ஆசை இல்லை, அட்டையில் ஓட்டை போட்டால் போதும். பையனுக்கு 11 வயது, அவனும் வருகிறேன் என்கிறான்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


லவ்டேல் ஸ்டேஷன்

பலூன் கடையில் நானும் முந்நூறு ரூபாய் விட்டிருக்கிறேன். சைட்டைப் பார்க்காமல் சுட்டால் கூடுதலாக விழுகிறது, முயற்சி செய்து பாருங்கள். உருப்படியான பதிலுக்கு அருவங்காட்டு அக்கா வரட்டும்.


பத்து மீட்டர், அருவங்காடு

வந்துவிட்டேன்.

முதலில் கசப்பான பதில். காசைக் கட்டிவிட்டு யார் வேண்டுமானாலும் சுடலாம் என்கிற ரேஞ்ச் மலையில் எனக்குத் தெரிந்து இல்லை, கீழேயும் அந்த முறை பெரிதாகக் கிடையாது. நம் நாட்டில் இது கிளப் வழியாகத்தான் நடக்கிறது. மாவட்ட ரைஃபிள் கிளப், அதற்கு மேல் மாநில சங்கம், அதற்கு மேல் 1951இல் தொடங்கிய தேசிய ரைஃபிள் சங்கம். உறுப்பினராகச் சேர்ந்தால் கிளப்பின் துப்பாக்கியில், கிளப்பின் எல்லைக்குள், பயிற்சியாளர் பார்வையில் சுடலாம். நமக்குப் பக்கம் கோவைதான். அங்கே ரைஃபிள் கிளப் இருக்கிறது, ஏர் ரைஃபிள் மட்டும் சொல்லித்தருகிற தனியார் பயிற்சி மையங்களும் இருக்கின்றன. நான் நான்கு வருஷமாக மாதம் இரண்டு சனிக்கிழமை இறங்கிப் போகிறேன். வீட்டில் இதற்குப் பெயர் 'அம்மாவின் கோயில்'.

லைசென்ஸ் விஷயத்தில் கடைக்காரர், மச்சான் இரண்டு பேரும் பாதி சரி. 2016ஆம் வருஷத்து ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் .177 அங்குலம், அதாவது 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போகாமலும் குழல் முனையில் ரவையின் ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போகாமலும் இருந்தால் ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. அடையாளச் சான்று வாங்கிக்கொண்டு பில் போட்டுக் கொடுப்பார்கள், அந்த பில்லைத் தொலைத்துவிடாதீர்கள். இந்த இரண்டில் ஒன்றைத் தாண்டினாலும் லைசென்ஸ் வேண்டும், .22 ஏர் ரைஃபிளும் இதில் அடக்கம். "சார், பவர் ஏத்தித் தரேன், ஸ்பிரிங் மாத்தித் தரேன்" என்று யாராவது ஆசை காட்டினால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். மச்சான் சொல்கிற ஜெயில் அந்தப் பாதையில்தான் இருக்கிறது. ஒலிம்பிக்கில் சுடுகிற ஏர் ரைஃபிளே எட்டு ஜூல் பக்கம்தான், அட்டையில் ஓட்டை போட அதற்கு மேல் என்னத்துக்கு?

என்சிசியில் சுட்ட மாதிரி வெடிமருந்துத் துப்பாக்கி சொந்தமாக வேண்டுமென்றால் அது வேறு கதை. 21 வயது, கலெக்டரிடம் மனு, போலீஸ் விசாரணை, எதற்கு வேண்டும் என்ற காரணம், தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்கிற அலைச்சல். பொழுதுபோக்குக்கு அது வேண்டாம் என்பது என் எண்ணம். .22 சுடத்தான் வேண்டும் என்றால் கிளப்பில் சேர்ந்து கிளப் துப்பாக்கியில் சுடுங்கள்.

இப்போது ஆசை காட்டுகிறேன். பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் அட்டை உங்கள் உள்ளங்கைக்குள் அடங்கும், 8 சென்டிமீட்டர் சதுரம். நடுவில் பத்து மார்க் புள்ளி அரை மில்லிமீட்டர். பால்பாயிண்ட் பேனாவால் லேசாக ஒரு முற்றுப்புள்ளி வையுங்கள், அதுதான். முதல் நாள் அதைப் பார்த்து நான் சிரித்தேன், இதை யார் சுடுவார்கள் என்று. ஆனால் பெல்லட்டின், அதாவது ஏர் ரைஃபிளில் போடும் ஈய ரவையின், விளிம்பு அந்தப் புள்ளியைத் தொட்டாலே பத்து, அச்சாக நடுவில் விழுந்தால் 10.9. பிஸ்டல் அட்டையில் பத்து வளையம் 11.5 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவு. பெரிதாக இருக்கிறதே என்று சந்தோஷப்படாதீர்கள், அதை ஒரே கையால் தாங்கிச் சுட வேண்டும்.

பையனைத் தாராளமாகக் கூட்டிப் போங்கள். அவன் வயதில் ஏர் ரைஃபிள் பழகுகிறவர்கள் நிறைய. போட்டி ரைஃபிள் ஐந்து கிலோ பக்கம் இருக்கும், பிள்ளைகளுக்கு முதலில் ஸ்டாண்டில் தாங்கவைத்துத்தான் சொல்லித்தருவார்கள். 2008 ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது இந்தப் பத்து மீட்டரில்தான், 2024 ஒலிம்பிக்கில் மனு பாக்கர் முதல் வெண்கலம் வாங்கியதும் பத்து மீட்டர்தான், அது பிஸ்டல். நம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும் பத்து மீட்டர் ரைஃபிள். நானும் பத்து மீட்டர், ஆனால் என் வீட்டுக்காரர் மட்டும்தான் கைதட்டுகிறார்.

கட்டணம் கேட்பீர்கள். வருஷா வருஷம் மாறுகிறது, நான் சொல்லி நீங்கள் போய் சண்டை போட வேண்டாம், நேரில் கேளுங்கள். ஆதார், போட்டோ இரண்டையும் கையில் வைத்திருங்கள்.


பழைய மதராசி, வண்டிச்சோலை

தம்பி, வெலிங்டன் சத்தத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். அது ராணுவ ரேஞ்ச். சிப்பாய்கள் பயிற்சிக்கு. வெளியாட்களுக்கு இல்லை, தெரிந்தவர் மூலம், ரிடையர்ட் ஆள் மூலம் என்றெல்லாம் முயற்சி செய்யாதே. போர்டு வைத்த இடத்தில் வேலிப் பக்கம் விறகு பொறுக்கப் போகிறவர்களையே நான் சத்தம் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சிவப்புக் கொடி பறந்தால் அந்தப் பக்கமே தலை வைக்கக் கூடாது.

இருபத்து நான்கு வருஷம் சர்வீஸ். ரெஜிமென்டில் 'அடி கொல்லு' என்று தொண்டை கிழியக் கத்தியவன்தான், ஆனால் ரேஞ்சில் கத்துகிறவன் தேறமாட்டான். சுடுவதில் பாதி மூச்சு, மீதி விரல். மூச்சை இழுத்து, பாதி விட்டு, அங்கே நிறுத்து. ஐந்தாறு விநாடிக்குள் சுடு. முடியவில்லையா, துப்பாக்கியை இறக்கிவிட்டு மறுபடி முதலில் இருந்து ஆரம்பி. மூச்சை அடக்கிக்கொண்டே இருந்தால் கண் மங்கும், கை நடுங்கும். ட்ரிகரை இழுக்கக் கூடாது, மாவு பிசைகிறவனுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மெதுவாக அமுக்கிக்கொண்டே போக வேண்டும். எப்போது சுட்டது என்று உனக்கே திடுக்கிட வேண்டும்.

எங்களுக்கு ஒரு பயிற்சி உண்டு. காலி ரைஃபிளின் குழல் முனையில் ஒரு ரூபாய்க் காசை வைத்துவிட்டு ட்ரிகரை அமுக்கச் சொல்வார்கள். காசு விழக் கூடாது. விழுந்தால் எடுத்து வைத்து மறுபடி. ஒருநாள் நூறு தடவை செய்தேன், எழுபது தடவை குனிந்து காசு எடுத்தேன். அதைச் செய்து பார்.

துப்பாக்கி காலி என்று யார் சொன்னாலும் நம்பாதே, நீயே திறந்து பார். குழல் எப்போதும் அட்டைப் பக்கம். சுடப் போகிற நொடி வரை விரல் ட்ரிகருக்கு வெளியே. பையனுக்கு முதல் ஒரு மாதம் இதை மட்டும் சொல்லிக்கொடு, சுடுவதை அப்புறம் பார்க்கலாம்.


வர்க்கி மாஸ்டர், கோத்தகிரி

அக்கா, ஐயா, இரண்டு பேருக்கும் பெரிய நன்றி. மாவு உதாரணம் சட்டென்று புரிந்துவிட்டது.

கோவை போவதில் எனக்கு ஒரே சிக்கல் நேரம். இங்கிருந்து மேட்டுப்பாளையம் இறங்கி, அங்கிருந்து டிராஃபிக்கில் ஊர்ந்து, திரும்பி ஏறிவர ஒரு முழு நாள். மாதம் இரண்டு தடவை முடியும், மீதி நாள் கை அரிக்குமே. கீழ்க்கோத்தகிரி பக்கம் சித்தப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. கீழே பள்ளம், எதிரே மண் மேடு, சுற்றிலும் ஆள் இல்லை. ஏர் ரைஃபிள் வாங்கி அங்கே வைத்துப் பழகினால் என்ன? லைசென்ஸ்தான் வேண்டாமே.


மூடுபனி, கேத்தி

வேண்டாம். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் கேட்டதை நான் செய்து பார்த்திருக்கிறேன்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் ஏர் ரைஃபிள் வாங்கிய புதிது. வீட்டுக்குக் கீழே கேரட் பாத்தி, அதன் ஓரத்தில் வரிசையாக சில்வர் ஓக். ஒரு மரத்தில் அட்டையைக் குத்திவைத்து இருபதடி தூரத்தில் நின்று சுட்டேன். மூன்றாவது ரவை மரத்தில் பட்டு நேராகத் திரும்பி வந்து மூக்குக் கண்ணாடியில் 'டிக்' என்று அடித்தது. கண்ணாடி போடாத ஆளாக இருந்தால் இன்றைக்கு இதை யாராவது படித்துத்தான் எனக்குச் சொல்ல வேண்டும். அதோடு நிறுத்தினேனா, இல்லை. மரம்தானே பிரச்சினை என்று அட்டையை இரண்டு குச்சிக்கு நடுவே கட்டி, பின்னால் மண் மேடு இருக்கிறது என்ற தைரியத்தில் சுட்டேன். மறுநாள் காலை பக்கத்துத் தோட்டத்து அத்தை வாசலில் நிற்கிறார். உள்ளங்கையில் நசுங்கிய ஈயக் குண்டு ஒன்று, பட்டாணி மாதிரி. பசுமைக்குடில் ஷீட்டைத் துளைத்துக்கொண்டு நாற்று ட்ரேயில் கிடந்ததாம். "உன்னோடதா பாரு கண்ணு" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலை. நான் சுட்ட இடத்திலிருந்து அந்தக் குடில் அறுபது எழுபது மீட்டர் தள்ளி. ரவை தப்பினால் சில நூறு மீட்டர் போகும், மலைச் சரிவில் கீழே யார் குனிந்து கொழுந்து பறிக்கிறார்கள் என்று மேலே நிற்கிறவனுக்குத் தெரியாது. ஆள் இல்லை என்கிறீர்கள், தேயிலைக்குள் உட்கார்ந்து சோறு சாப்பிடுகிறவர்களை நீங்கள் எங்கே பார்க்கப் போகிறீர்கள்?

அடுத்தது காடு. கீழ்க்கோத்தகிரி தோட்டம் என்றால் பக்கத்திலேயே சோலை இருக்கும். கரடி வரும், காட்டெருமை வரும். லைசென்ஸ் வேண்டாம் என்பது ஆயுதச் சட்டத்துக்கு மட்டும்தான். 1972ஆம் வருஷத்து வன உயிரினச் சட்டத்தில் 'ஆயுதம்' என்பதற்கு விலங்கைக் காயப்படுத்தக்கூடிய எந்தக் கருவியும் அடங்கும், சுருக்குக் கம்பிகூட. சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு நுழைவதே குற்றம், ஒரு பறவையைக்கூடச் சுடாவிட்டாலும். எனக்குத் தெரிந்த ஒருவர் காரில் ஏர் ரைஃபிளை வைத்துக்கொண்டே மசினகுடி, முதுமலை சரணாலயம் வழியாக மைசூர் கிளம்பினார். பின் சீட்டில் பழைய பெட்ஷீட் சுற்றிய நீளமான பொட்டலம். செக்போஸ்ட்டில் பிளாஸ்டிக் பாட்டில் தேடியவர் கண்ணில் பட்டது. பில் வீட்டில் இருந்தது. அன்றைக்கு அவர் மைசூர் போகவில்லை என்பதோடு விட்டுவிடுகிறேன்.

அப்படியானால் என்ன செய்வது? வீட்டுக்குள் சுடுங்கள். இந்த விளையாட்டே பத்து மீட்டர்தானே. 32 அடி 10 அங்குலம் நேர் கோடாகக் கிடைத்தால் போதும். என் வீடு பழைய காலத்து நீள வீடு, சமையல்கட்டுப் பின்சுவரிலிருந்து முன் அறைக் கதவு வரை அளந்தால் 34 அடி. வழியில் இரண்டு நிலைக்கதவு. மூன்றாவது கதவு ஒன்று குறுக்கே திறக்கும், அதற்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத்தான் ரைஃபிளை உறையிலிருந்து எடுப்பேன். மனைவி, பிள்ளைகள் எல்லாரும் என் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும், பூனை உட்பட.

அட்டைக்குப் பின்னால் ஒரு பெட்டி வேண்டும். வெல்டிங் கடையில் சொல்லிச் செய்தேன். முன்பக்கம் திறந்த இரும்புப் பெட்டி, உள்ளே கனமான தகடு ஒன்று மேலிருந்து பின்னோக்கிச் சாய்வாக இறங்கும், 45 டிகிரி இருக்கும். கீழே ஆற்று மணல் போட்ட ட்ரே. ரவை தகட்டில் பட்டு, திரும்பி வராமல், மணலில் இறங்கிவிடும். முதல் தடவை வெல்டிங்காரர் தகட்டைத் தலைகீழாகச் சாய்த்துவிட்டார், அதாவது ரவை கூரைக்குப் போகிற மாதிரி. சுடுவதற்கு முன்னால் பார்த்துவிட்டேன். பெட்டியை நல்ல கற்சுவருக்கு முன்னால் வையுங்கள், பலகைச் சுவர், ஜன்னல் பக்கம் கூடாது. அட்டையின் நடுப்புள்ளி தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் வர வேண்டும். அட்டைமேல் ஒரு எல்இடி ஸ்பாட் லைட், போட்டிகளில் அட்டைமேல் 1500 லக்ஸ் கேட்பார்கள், வீட்டில் கடைத்தெரு பழக்கடை வெளிச்சம் இருந்தால் போதும்.

ரவையில் தட்டைத்தலை பெல்லட் என்று கேட்டு வாங்குங்கள். கூர்முனை ரவை அட்டையைக் கிழிக்கும், தட்டைத்தலை பஞ்சிங் மெஷின் போட்ட மாதிரி வட்டமாக வெட்டும், மார்க் எண்ணலாம். அது ஈயம், சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் தொடாதீர்கள். பேக்கரிக்காரருக்கு இதை இரண்டு தடவை சொல்கிறேன்: கை கழுவுங்கள்.

பழைய மதராசி ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்தக் காசுப் பயிற்சியை ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் செய்ய வேண்டாம். ரவை இல்லாமல் சுட்டால் முன்னால் காற்றுத் தடை இல்லாமல் பிஸ்டன் போய் உலோகத்தில் முட்டும், நாளடைவில் சீல் போய்விடும், ஸ்பிரிங்கும் உடையும். காலியாகப் பழகுகிற வசதி போட்டி ரைஃபிள்களில் தனியாக உண்டு, நம் பட்ஜெட் ரைஃபிளில் ரவை போட்டே பழகுங்கள். அதேபோல ஸ்பிரிங் ரைஃபிளை ராணுவத்தில் மாதிரி தோளோடு இறுக்கிப் பிடித்தால் குறி சிதறும். முன்கையை விரித்து அதன்மேல் சும்மா உட்காரவைக்க வேண்டும், அது குதிக்கிறபடி குதிக்கட்டும் என்று விட்டுவிட வேண்டும். எனக்கு இது புரிய ஒரு வருஷம் ஆயிற்று.

கடைசியாக நம் மலைக்கே உரிய தொல்லை, ஈரம். ஜூனிலிருந்து டிசம்பர் வரை என் வீட்டில் செருப்பு பூக்கிறது, ரைஃபிள் எம்மாத்திரம். ஸ்கோப் வாங்கி இரண்டு மழைக்காலத்தில் லென்ஸுக்குள் சிலந்திவலை மாதிரி பூஞ்சை வந்துவிட்டது. இப்போது அரிசி டிரம் ஒன்றில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு போட்டு மூடிவைக்கிறேன். குழலுக்கும் இரும்புக்கும் மாதம் ஒருமுறை எண்ணெய்த் துணி. தேங்காய் எண்ணெய் போடாதீர்கள், குளிரில் மெழுகாகி நிற்கும், அனுபவம்.


பழைய மதராசி, வண்டிச்சோலை

கேத்தித் தம்பி சொல்வது சரி. எனக்கு ஏர் ரைஃபிள் பழக்கம் இல்லை. திருத்தியதற்கு நன்றி. தேங்காய் எண்ணெய் போட்டவனை ரெஜிமென்டில் கிரவுண்டைச் சுற்றி ஓடவிட்டிருப்போம்.


சோலைக்குருவி, குன்னூர்

எல்லாரும் உற்சாகமாகப் பேசுகிறீர்கள், ஒரு மாற்றுக் கருத்து. இந்த மலையில் துப்பாக்கி என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். வெள்ளைக்காரன் காலத்தில் சுட்டுத் தீர்த்ததில் வரையாடு ஒழிந்துபோகிற நிலைக்கு வந்து, 1879லேயே நீலகிரிக்கென்று தனி வேட்டைச் சட்டம் போட வேண்டியதாயிற்று. நான் பள்ளியில் படித்த காலத்தில் எங்கள் தெருவிலேயே ஏர்கன்னால் மணிப்புறா சுட்டு வறுத்த வீடுகள் இருந்தன. அருணாசலப் பிரதேசத்தில் 2021இல் இருந்து ஊர் ஊராகப் போய் ஏர்கன்களைத் திரும்ப ஒப்படைக்கச் சொல்கிறார்கள், பறவையே மிச்சமில்லை என்று. இங்கே இன்னும் நான்கு பேர் வாங்கினால், அந்த நான்கு வீட்டுப் பிள்ளைகளில் ஒருத்தனாவது ஜன்னல் வழியாகக் குருவியைப் பார்க்கமாட்டானா?


பத்து மீட்டர், அருவங்காடு

பார்ப்பான். அதனால்தான் என் ரைஃபிள் பீரோவில் பூட்டி இருக்கிறது, சாவி என் தாலிக்கொடியோடு இல்லை என்றாலும் கிட்டத்தட்ட அப்படி. ரவை டப்பா வேறு இடத்தில். நீங்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. வர்க்கி மாஸ்டர் முதலில் வாங்கவே வேண்டாம், மூன்று மாதம் கோவையில் கிளப் ரைஃபிளில் சுடட்டும், பையனும் அங்கேயே பழகட்டும். ரேஞ்சில் சுடாத நேரத்தில் குழலுக்குள் ஆரஞ்சுக் கயிறு ஒன்றைச் செருகிவைக்கச் சொல்வார்கள், காலி என்பது தூரத்திலிருந்தே தெரிவதற்கு. அந்தக் கயிற்றைச் செருக மறந்தால் எங்கள் கோச் அன்றைக்குச் சுடவிடமாட்டார், ஊட்டியிலிருந்து இறங்கி வந்தேன் என்று அழுதாலும் சரி. ஒரு தடவை என்னைத் திருப்பி அனுப்பினார். மேட்டுப்பாளையம் வரை பஸ்ஸில் முறைத்துக்கொண்டே வந்தேன். அந்த மாதிரி இடத்தில் பழகிய பிள்ளை குருவியைச் சுடாது என்று நினைக்கிறேன், அடித்துச் சொல்லமாட்டேன்.


பெருமாள்மலை

நான் கொடைக்கானல் பக்கம். எங்களுக்கும் இதே கதைதான், மலையில் ஏரிக்கரை பலூன் கடை, சுட வேண்டுமென்றால் மதுரை. திருச்சியிலும் ரைஃபிள் கிளப் இருக்கிறது, 2022 ஜூலையில் மாநிலப் போட்டிக்கு அஜித் அங்கே வந்தபோது சுடுகிற ஆட்களைவிட வாசலில் போட்டோ எடுக்கிற ஆட்கள் ஆயிரம் மடங்கு. அதற்கப்புறம் எங்கள் ஊர்ப் பையன்கள் நான்கு பேர் சேருகிறேன் என்று கிளம்பினார்கள், ஒருத்தன் மட்டும் இன்னும் போகிறான். பஸ்ஸில் ரைஃபிள் கொண்டுபோகிறவர்கள் உறையில் போட்டு, ரவையைத் தனியாக வைத்து, பில்லின் நகலை உறையின் ஜிப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கண்டக்டர் கேட்டால் கிரிக்கெட் மட்டை என்று பொய் சொல்லாதீர்கள், ஒரு தடவை சொல்லிவிட்டு மாட்டிக்கொண்டேன்.


வர்க்கி மாஸ்டர், கோத்தகிரி

மூன்று வாரம் கழித்து வருகிறேன். சித்தப்பா தோட்டம் யோசனையை அன்றைக்கே விட்டுவிட்டேன். சோலைக்குருவி சொன்னதை வீட்டில் படித்துக் காட்டினேன், பையன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் "நான் போன வருஷம் கவட்டையால அடிச்சேன்பா, படல" என்றான். எனக்குத் தெரியாது.

போன செவ்வாய்க்கிழமை கடையை மனைவியிடம் விட்டுவிட்டு இரண்டு பேரும் கோவை இறங்கினோம். ஆதார், போட்டோ, படிவம், இதற்கே ஒரு மணி நேரம். அப்புறம் ஏர் ரைஃபிளைக் கொடுத்தார்கள். படுத்துச் சுட்ட எனக்கு நின்று சுடுவது வேறு விளையாட்டு என்று தெரியவே தெரியாது. 'லோட்' என்றார்கள், போட்டேன். 'ஸ்டார்ட்' என்றார்கள், தூக்கினேன். சைட்டுக்குள் கறுப்பு வட்டம் பட்டம் மாதிரி ஆடுகிறது. ஐயா சொன்னபடி மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினால் தொப்பை துடிக்கிறது, அதோடு ரைஃபிளும் துடிக்கிறது. இரண்டு தடவை இறக்கினேன். மூன்றாவது தடவை மாவை நினைத்துக்கொண்டு அமுக்கினேன். பத்து ரவையில் ஒன்று எட்டு, மூன்று ஐந்து, மீதி எண்ணிக்கையில் வராது. ஒன்று அட்டையிலேயே இல்லை. பையன் ஸ்டாண்டில் வைத்து மூன்று ஒன்பது போட்டுவிட்டான். கோச் அவன் பெயரைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது மேட்டுப்பாளையத்தில் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு, காய்கறி இறக்கிவிட்டுக் காலியாக ஏறிய பிக்அப்பில் வீடு வந்து சேர்ந்தோம். இரண்டரைக்கு அடுப்பு மூட்ட வேண்டியிருந்தது, அன்றைக்கு வர்க்கி கொஞ்சம் கருகிவிட்டது.

அருவங்காட்டு அக்கா, நீங்கள் போகிற சனிக்கிழமை எது? காரில் இடம் இருந்தால் காலை ஆறரைக்குக் குன்னூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறோம், இரண்டு பேர், பெட்ரோலில் பாதி, வர்க்கி என் பொறுப்பு. கருகாதது.


பத்து மீட்டர், அருவங்காடு

அடுத்த சனிக்கிழமை. ஆறு மணி, ஆறரை இல்லை. பையனுக்கு வாந்தி வருமா? பர்லியார் வளைவுகளில் என் ஓட்டல் கொஞ்சம் வேகம்.